பிழைக்கப் போன இடமும் மனச்சோர்வு மாத்திரையும்

மனச்சோர்வுக்கான மாத்திரையை ஒரு நாட்டில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற கணக்கை வைத்து, அங்கே எத்தனை பேர் மனம் சோர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பிழைப்புத் தேடியோ உயிருக்குப் பயந்தோ வேறிடம் போய்க் குடியேறியவர்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. வேலையில் இருப்பவர்களிடையே மாத்திரைப் பயன்பாடு குறைவு, வேலை இல்லாதவர்களிடையே அதிகம் என்பது பல நாடுகளில் பொதுவாகக் காணப்படும் போக்கு. குடியேறியவர்களிடையே வேலையும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு நோய் இருக்கிறது. மருத்துவரிடம் போய்ச் சேரும் வழிதான் இல்லை.

மனச்சோர்வு மாத்திரைகள் 1950களில் வந்தவை. காசநோய்க்காகக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட் என்ற மருந்து, நோயாளிகளின் மனநிலையையும் உயர்த்துவதை 1952 வாக்கில் அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தார்கள். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் குன் இமிப்ரமின் மருந்தின் பலனைக் கண்டறிந்தார். 1987 டிசம்பரில் ஃபுளுவாக்ஸெட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு இந்த மாத்திரைகள் உலகெங்கும் பரவின. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளுவாக்ஸெட்டினும் பழைய அமிட்ரிப்டிலினும் இடம்பெற்றுள்ளன. 522 ஆய்வுகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கி 2018இல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வு, அதில் எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்ததாகக் காட்டியது. அந்தக் கூடுதல் பலன் பெரிது என்று சொல்ல முடியாது. நடுத்தர, கடுமையான மனச்சோர்வில்தான் அது தெளிவாகத் தெரிகிறது.

வேலைக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவை எண்ணிக்கையாகப் பார்க்க முடிந்தது வடக்கு ஐரோப்பிய நாடுகளில்தான். நார்வேயில் 2004 முதலும் ஸ்வீடனில் 2005 ஜூலை முதலும், மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டுக்கு வாங்கப்படும் ஒவ்வொரு மருந்தும் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. ஒருவர் எந்த நாட்டில் பிறந்தார், எந்த ஆண்டு வந்தார், எங்கே வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற விவரங்கள் வேறு பதிவேடுகளில் இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு இவற்றை ஒன்றோடொன்று இணைத்தால், லட்சக்கணக்கானவர்களின் வேலையையும் மருந்தையும் ஆண்டு வாரியாகப் பின்தொடரலாம். இந்தியாவில் அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது.

அந்த நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று முதல் பார்வையில் வியப்பைத் தரும். அகதிகளாக வந்தவர்கள் போரையும் இழப்பையும் பார்த்தவர்கள். அவர்களிடம் மாத்திரைப் பயன்பாடு உள்ளூராரைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வந்த புதிதில் பல சமூகங்களிடம் அது குறைவாகவே இருக்கிறது. ஸ்வீடனில் குடியேறிய இளம் அகதிகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, மனநல மருந்துகளின் பயன்பாடு அவர்கள் அங்கே வாழும் ஆண்டுகள் கூடக் கூட ஏறுவதைக் காட்டியது. ஆண்டுகள் போகப் போக நோய் வளர்ந்தது என்று இதைப் படிக்கலாம். மொழி பழகி, மருத்துவமனைக்கு வழி தெரிந்து, மனச்சோர்வைச் சொல்லிச் சிகிச்சை கேட்கலாம் என்ற துணிவு வந்தது என்றும் படிக்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே ஒரு சமூகத்தில் மாத்திரை எண்ணிக்கை ஏறுவதை உடனே கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்வது தவறு. அது குறைவாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது அதைவிடப் பெரிய தவறு.

வேலை இல்லாததால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் வேலை போகிறதா என்பது பழைய கேள்வி. ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்ற கிராமத்தின் ஒரே பஞ்சாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே தங்கி ஆய்வு செய்து 1933இல் நூலாக வெளியிட்டனர். கையில் நேரம் கொட்டிக் கிடந்தபோது மக்கள் முன்பைவிட அதிகம் படிக்கவில்லை, அதிகம் கூடவில்லை; நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்தது, நடையின் வேகமே தளர்ந்தது. கூலியோடு சேர்த்து நாளுக்கு ஒரு ஒழுங்கையும் பிறரோடு பழக்கத்தையும் தனக்கொரு மதிப்பையும் வேலை தருகிறது என்பதை அந்த ஊர் காட்டியது.

எதிர்த்திசையும் உண்டு. பின்லாந்தில் மனச்சோர்வு காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களின் மருந்துப் பதிவேட்டைப் பார்த்தபோது, ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் மாத்திரைப் பயன்பாடு படிப்படியாக ஏறி, ஓய்வுக்குப் பின் இறங்கியது தெரிந்தது. வேலையில் இருந்தபடியே நோயோடு போராடியவர்கள் அவர்கள். 'வேலையில் இருப்பவர், ஆனால் மாத்திரை எடுப்பவர்' என்ற இந்த வகையினரை மறந்துவிடக் கூடாது. மாத்திரையின் உதவியால்தான் இவர்களில் பலர் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

குடியேறியவர்களிடம் இந்த இரு திசைகளோடு மொழியும் சேர்கிறது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து கனடாவின் வான்கூவர் நகருக்கு வந்த 1,348 அகதிகளை மார்டன் பைசர் என்ற மனநல மருத்துவரின் குழு 1980களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் ஆங்கிலம் தெரிந்ததும் தெரியாததும் மனச்சோர்வில் வேறுபாடு காட்டவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு காட்டியது. குறிப்பாகப் பெண்களிடமும், வந்த புதிதில் வேலைச் சந்தைக்குள் நுழையாமல் போனவர்களிடமும். ஆண்களிடம் வேலையின்மை மனச்சோர்வுக்கு வலுவான காரணமாக இருந்தது. முதல் சில ஆண்டுகளில் வேலைக்குப் போக முடியாதவர் மொழியையும் கற்க முடிவதில்லை; அந்த இழப்பு பத்து ஆண்டு கழித்து நோயாக வந்து நிற்கிறது.

தமிழர்களைப் பற்றியே இத்துறையில் முக்கியமான ஆய்வுகள் உண்டு. 1990களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் ஆகியோரின் குழு 196 தமிழர்களை ஆராய்ந்தது. 62 பேர் தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள், 30 பேர் அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள், 104 பேர் வழக்கமான முறையில் குடியேறியவர்கள். முதல் இரு பிரிவினரும் ஊரில் பட்ட துன்பத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். மூன்றாம் பிரிவினரைவிட இருவரிடமும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல். வந்திறங்கிய பிறகு ஏற்படும் நெருக்கடிகளில் சில, காத்திருந்தவர்களைத்தான் அதிகம் வாட்டின. மன வடுவின் அறிகுறிகளை விளக்குவதில் போர்க்காலத் துன்பத்துக்குச் சுமார் 20 விழுக்காடும், குடியேறிய பின் சந்தித்த நெருக்கடிக்குச் சுமார் 14 விழுக்காடும் பங்கு இருப்பதாக அக்குழு கணக்கிட்டது. ஊரில் நடந்துபோனதை எந்த அரசாலும் மாற்ற முடியாது. வந்த பிறகு நடப்பதை மாற்ற முடியும். அப்படியிருந்தும் அதே ஆஸ்திரேலியா, 2012 ஆகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்து தஞ்சம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு வேலை செய்யும் உரிமை இல்லாத இடைக்கால விசாவைத்தான் கொடுத்தது. அவர்களில் ஈழத் தமிழர்களும் இருந்தார்கள். ஒரு மனிதரை நாட்டுக்குள் விட்டுவிட்டு வேலை மட்டும் செய்யாதே என்று சொல்வது, நோயை வரவழைக்க அரசே எடுத்த முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

நார்வேக்குப் போன தமிழர்களின் கதை வேறு மாதிரி. 1980களில் பலர் நாட்டுப்புற உயர்பள்ளிகளில் மாணவர்களாகவும், பிறகு தஞ்சம் கேட்டும் போய்ச் சேர்ந்தார்கள். வடகோடியில் ஃபின்மார்க் பகுதியின் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மீனை வெட்டித் துண்டாக்கும் வேலை கடினமானது. குளிர் அதைவிடக் கடினம். படித்தவர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். ஆனாலும் வந்த உடனே சம்பளம் கிடைத்தது. மற்றப் பல அகதிச் சமூகங்களைவிடத் தமிழர்களின் வேலைவாய்ப்பு அங்கே உயர்ந்திருந்ததற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம். படிப்புக்குக் குறைந்த வேலையில் ஆண்டுக்கணக்கில் நிற்பதும் மனத்தை அரிக்கும் என்பது உண்மை. அதற்கும் சும்மா உட்கார வைக்கப்படுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

அப்படி உட்கார வைக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும், 1996லும், 2006க்குப் பிறகும் இலங்கையிலிருந்து அலை அலையாகத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களுக்கான முகாம்கள் தமிழகம் முழுவதும் அமைக்கப்பட்டன. தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி, தும்பலஅள்ளி, வாணியாறு என அணைப்பகுதிகளை ஒட்டி அவை அமைந்தன. அணைக்கட்டுப் பக்கம் இடம் இருந்தது. வேலை நகரத்தில் இருந்தது. 2021 கணக்குப்படி தமிழகத்தின் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே காவல்நிலையப் பதிவோடு ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே வேலை செய்வதற்கென்று அவர்களுக்குச் சட்டப்படியான உரிமை ஏதும் எழுதிவைக்கப்படவில்லை. கூலி வேலைக்குப் போனால் யாரும் தடுப்பதில்லை, அவ்வளவுதான்.

முகாம் ஆண்களின் கைத்தொழில் என்றாலே பெயிண்டிங் என்றாகிவிட்டது. சுவருக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடிக்கும் வேலைக்குக் குழுவாகப் போய் வருகிறார்கள். பட்டம் படித்த பிள்ளைகளும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், தனியாரில் அடையாள ஆவணம் கேட்கும் இடத்தில் நின்றுபோய், கடைசியில் தந்தையின் தூரிகையைத்தான் எடுத்தார்கள். வெளியூரில் வேலை கிடைத்தாலும், ஆள்கணக்கு எடுக்கும் தணிக்கை நாளில் முகாமில் நேரில் நின்றாக வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், பதிவே சிக்கலாகும். பத்து நாள் வேலையை நம்பி ஒருவரை அழைத்துப் போன மேஸ்திரி, அவர் நடுவில் ஊர் திரும்பினால் அடுத்த முறை கூப்பிட யோசிப்பார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ.317.40 கோடித் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரவும், குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தவும் முடிவு செய்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. வீடு தேவைதான். அதற்கு இணையாகத் தேவையானது தடையில்லாத வேலை. அது குடியுரிமையோடு பின்னிக் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை.

முகாம்வாசிகளில் எத்தனை பேர் மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறார்கள் என்பதை ஸ்வீடன்போல ஒரு பதிவேட்டிலிருந்து எடுத்துவிட முடியாது. பொதுச்சமூகத்தின் நிலையிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். பெங்களூருவிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்கள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் என்று கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவில் சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள். சொந்த ஊரில், சொந்த அடையாள அட்டையோடு இருப்பவர்களின் நிலை இது.

தர்மபுரி மாவட்டம் வந்தவர்களைவிடப் போகிறவர்களால் நிறைந்தது. எடுத்துக்காட்டாக அதியமான்கோட்டை, தர்மபுரி நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்கள் வானம் பார்த்த பூமி; கேழ்வரகு, சாமை, புளி, மா இவற்றை நம்பி ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்த முடியாத வீடுகள் பல. பெங்களூரு சுமார் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். கட்டட வேலைக்கு அங்கேயும், பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும், தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். பெங்களூருக்குப் போகிறவர் மாநில எல்லையைத் தாண்டிய அந்தக் கணமே வெளியூர்க்காரர். பேச்சு மொழி வேறு, ரேஷன் கார்டு ஊரில், மருத்துவமனைச் சீட்டு ஊரில்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். அவர் அதை மனச்சோர்வு என்று சொல்லமாட்டார். தூக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்பார். ஊருக்கு வந்தால் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுவார்கள் வீட்டார். கோயிலுக்குப் போவது அவருக்கு ஆறுதல். அதோடு மருத்துவமும் சேர்ந்தால் நல்லது. பல நேரம் மருத்துவம் மாதங்கள் கழித்தே சேர்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ மாத்திரை எழுதித் தருகிறார். அதை வாங்குவதற்கே ஒரு நாள் கூலி போகிறது. புறநோயாளிப் பிரிவு நடப்பது காலையில், வேலைக்கு ஆள் எடுப்பதும் காலையில்தான்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் கிடைப்பது பலன் அல்ல, தொந்தரவு. வயிற்றுக் குமட்டல், வியர்வை, தலைவலி, சிலருக்குப் பதற்றம் கூடுவது. மனம் தெளிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், மூன்றாம் நாளே 'இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று தூக்கிப் போடுவது இயல்பு. இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அருகில் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு தங்கியிருக்கும் இளைஞரைக் கவனிக்க அங்கே ஆள் இருக்கிறார்கள், ஆனால் யாருக்கும் விவரம் தெரியாது.

எந்த மாத்திரை என்பதும் வேலையைப் பொறுத்து யோசிக்கப்பட வேண்டியது. அமிட்ரிப்டிலின் விலை குறைவு; உறக்கத்தையும் உடல்வலியையும் சேர்த்தே கவனிக்கும். இரவு எடுத்தாலும் அதன் மந்தம் காலையில் தொடரலாம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். நான்காம் மாடியில் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாருக்கும், கம்பி தூக்கும் சித்தாளுக்கும், இரவில் லாரி ஓட்டுபவருக்கும் அது ஆபத்து. ஃபுளுவாக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றில் மந்தம் குறைவு. ஆகவே, 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வி, மருந்தின் பெயரையே மாற்றக்கூடியது. தொழிலாளியும் கேட்காமலே அதைச் சொல்லிவிடலாம்.

அடுத்த இடர், நடுவில் நின்றுபோவது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிமுறை. ஊரில் வாங்கிய மாத்திரை பெங்களூருவில் மாதக் கடைசியில் தீர்கிறது. இவை அட்டவணை எச்-ல் வரும் மருந்துகள். சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டு ஊரில் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் அடுத்து ஊருக்கு வருவார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, உடம்பில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். பாராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் இது கூடுதல். உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளுவாக்ஸெட்டினில் குறைவு. பலர் இதை 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடவே பயப்படுகிறார்கள். இது அடிமைத்தனம் அன்று. மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. மனச்சோர்வு மாத்திரை எல்லாவற்றையும் 'தூக்க மாத்திரை' என்றே பேசுவதும் இந்தப் பயத்தை வளர்க்கிறது. பழக்கத்துக்கு உள்ளாக்கக்கூடிய உறக்க மருந்துகள் வேறு வகை.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு நெருக்கடி புறப்படும் முன்பே தொடங்குகிறது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு இடப்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் வாழும் தமிழகத்தவர் சுமார் 22 லட்சம். அவர்களில் பெரும்பங்கினர் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். வளைகுடா வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில், தகுதியின்மைக்கான காரணங்களில் மனநோயும் ஒன்று. விளைவு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிகிச்சையில் இருப்பவர் பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்துகிறார், நோயை மறைக்கிறார், அங்கே போன பிறகும் மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறார். ஆட்களை நல்ல உடல்நலத்தோடு தேர்ந்தெடுக்கிறோம் என்று அந்த விதி நினைக்கிறது. நடைமுறையில் அது சிகிச்சையில் இருப்பவரைச் சிகிச்சை இல்லாதவராக மாற்றுகிறது. குடியேறியவர்களில் ஆரோக்கியமானவர்கள் அதிகம் என்று புள்ளிவிவரங்கள் காட்டுவதில் இந்த வடிகட்டலுக்கும் மறைத்தலுக்கும் பங்கு உண்டு. போனவரின் கடனையும் குழந்தைகளையும் மாமனார் மாமியாரையும் சுமந்து ஊரில் இருக்கும் மனைவியின் மனச்சோர்வு எந்த இடப்பெயர்வுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நோயோடு வேலையைக் காப்பாற்ற இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீட்டித்த நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. 34 நீண்டகால நோய்களுக்கு, நாள் கூலியில் 80 விழுக்காடு வரை, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். அந்தப் பட்டியலில் மனச்சிதைவோடு, வெளிக்காரணம் இன்றி உள்ளிருந்து எழும் கடும் மனச்சோர்வும் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டை பதிவு பெற்ற நிறுவனத்தின் தொழிலாளிக்குத்தான். நீட்டித்த உதவிக்கு இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியான வேலையும் வேண்டும். மேஸ்திரி வழியாக வாரக் கூலிக்குப் போகிறவரும், முகாமிலிருந்து பெயிண்டிங்குக்குப் போகிறவரும் இதற்குள் வருவதில்லை. 1979இல் வந்த மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்றது. கட்டட வேலைத்தளங்களில் அது பெரும்பாலும் முதலுதவிப் பெட்டியோடு நின்றுவிட்டது.

மாத்திரை கொடுத்தால் வருமானம் உயருமா என்ற கேள்விக்கு மிக நெருக்கமான விடை பக்கத்து மாநிலத்திலிருந்து வந்திருக்கிறது. கர்நாடகத்தின் கிராமங்களில் மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள ஆயிரம் பேரைக் கொண்டு மானுவேலா ஆஞ்சலூச்சி, டேனியல் பென்னட் என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய சோதனை 2024இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வெளியானது. சிலருக்கு மனநல மருத்துவர் வழியாக மருந்துச் சிகிச்சை, சிலருக்குப் பிழைப்புக்கான உதவி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பலன் நீடித்தது. மருந்து மட்டும் கிடைத்தவர்களிடம் பலன் மெலிதாக இருந்து சீக்கிரம் கரைந்தது. வருமானம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பில் குடும்பம் செய்யும் முதலீடும் அப்படியே. சம்பளத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்தச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதிவிடலாம். மனச்சோர்வு குறைந்ததைக் கணக்கில் சேர்த்தால் அப்படி எழுத முடியாது.

அதற்கு முன்பே, கோவாவில் விக்ரம் படேல் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஃபுளுவாக்ஸெட்டின் வெற்று மாத்திரையைவிட இரண்டு மாதத்தில் நல்ல பலன் தந்ததைக் காட்டியிருந்தது. பின்னர் அதே மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு முறை நோயாளியோடு பேச வைத்தார்கள். விட்டுப்போன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைப்பதே அந்தப் பேச்சின் மையம். 2017இல் வெளியான அதன் முடிவும் சாதகமாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கியது. இன்று எல்லா மாவட்டங்களிலும் அதன் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குச் சுற்றில் போகிறார். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; மாத்திரைக்குக் கட்டணம் இல்லை. பெங்களூருவில் வேலை செய்பவருக்கு ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஊர்ச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தால், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கியது என்பது எந்த மாநில மருத்துவருக்கும் தெரிந்துவிடும். ஊருக்குத் திரும்பும் நாளை முன்கூட்டியே சொன்னால் அதுவரை தேவையான மாத்திரையைச் சேர்த்துத் தர மருத்துவரால் முடியும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இரவு வேலை முடிந்து கொட்டகைக்குத் திரும்பிய பிறகும் அழைக்கலாம், கூலியை விட வேண்டியதில்லை. மறுவாழ்வு முகாமில் இருப்பவர் அழைத்தாலும் அடையாள அட்டை கேட்பதில்லை.